கால் சுற்று

என் கணவரின் வலது மணிக்கட்டை நான் உடைத்தது பதினேழாம் நம்பர் ஸ்பானரால். இரண்டு அடி அடித்தேன். முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது, இரண்டாவது தோளில். முதல் அடியிலேயே எலும்பு போன சத்தம் கேட்டது. கேட்ட பிறகுதான் இரண்டாவதை அடித்தேன். இதை எழுத உட்கார்ந்தபோது அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். நடந்த வரிசை அதுதான்.

நான் கை நீட்டுகிறவள். உறவுக்காரர்கள் "கோபக்காரி" என்று செல்லமாகச் சொல்வார்கள். செல்லமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. கல்யாணமாகி அதுவரையிலான எட்டு வருடத்தில் அவர் மேல் கரண்டி பறந்திருக்கிறது, ஹெல்மெட் பறந்திருக்கிறது, ஒருமுறை சூடான சோற்றோடு தட்டும் பறந்திருக்கிறது. சாதாரணமாக வாங்க, போங்க என்றுதான் அவரிடம் பேசுவேன். அடிக்கும்போது மட்டும் 'டா' வந்துவிடும். அவர் ஒருநாளும் திருப்பி அடித்ததில்லை. என் கையைப் பிடித்துக்கொள்வார். "போதும் விடு" என்பார். நாள் முழுக்க மாவு பிசைகிற கை, அதன் பிடியிலிருந்து யாரும் உருவிக்கொள்ள முடியாது. என் மூச்சு அடங்கும்வரை பிடித்திருந்துவிட்டுப் பிறகு விடுவார். வேலையிடத்தில் பெண்கள் புருஷனிடம் அடிவாங்கிய கதைகளைப் பேசும்போது நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்தப் பக்கத்து ஆளாக நான் தலையாட்டுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவர் தஞ்சாவூர்ப் பக்கம். என்னைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் வந்தார். லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாஸ்டர். வாசலை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று மாவை வீசுவார். போகிற வருகிற வெள்ளைக்காரர்கள் நின்று படம் பிடிப்பார்கள். அவருக்கு மணிக்கட்டுதான் தொழில், மணிக்கட்டுதான் பெருமை.

நான் இங்கேயே பிறந்தவள். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீடு. என் வேலை மோட்டார் சைக்கிளில் பல் கொண்டுபோவது. சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் செயற்கைப் பல் செய்யும் இடம் இருக்கிறது. அங்கே செய்கிற பற்களைச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, பெயர் ஒட்டி, பிடோக், கிளமெண்டி என்று தீவு முழுக்க உள்ள பல் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஒரு நாளைக்கு இருபது வாய்களுக்கான பற்கள் என் பின்பெட்டியில் குலுங்கும். பத்து மணிக்குப் பல் வரும் என்று ஒரு கிழவர் வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தாமதமாகப் போக முடியாது. அதனால் வண்டியை நான் உயிராகப் பார்த்துக்கொள்வேன். பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவருக்கு விடுமுறை. அந்தத் திங்கட்கிழமை எங்கள் புளோக்கின் பல மாடிக் கார்பார்க்கில் வைத்து என் வண்டிக்கு ஆயில் மாற்றினார். கீழே நாளிதழை விரித்தார். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் நட்டைப் பதினேழாம் நம்பர் ஸ்பானரால் கழற்றிப் பழைய ஆயிலை வடித்தார். நட்டைத் திரும்ப மாட்டி இறுக்கிவிட்டு, மேலே புது ஆயிலை ஊற்றினார். கடையில் விட்டுச் செய்யலாம்தான். அவர் விடமாட்டார். "அரை மணி நேர வேலை, இதுக்கு ஒரு கடையா" என்பார்.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பும்போது எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் செய்த வேலையை நான் ஒருமுறை பார்க்காமல் விடமாட்டேன். அவர் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பேன். அவர் அணைத்த அடுப்பைத் தொட்டுப் பார்ப்பேன். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. நின்றபடியே ஆயில் பார்க்கும் குச்சியைக் கழற்றித் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தேன். நுனியில் மட்டும் லேசாக ஈரம். ஒரு வேலையை உருப்படியாகச் செய்யத் தெரிகிறதா இந்த மனிதருக்கு என்று முனகிக்கொண்டே, அவர் மிச்சம் வைத்திருந்த புட்டியை எடுத்தேன். குச்சியின் மேல்கோட்டுக்கு வரும்வரை ஊற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லிக் காட்டாமல் விட்டதற்காக என்னையே மெச்சிக்கொண்டேன் வேறு.

புதன்கிழமை காலை அவர் கடைக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று சொன்னார். "ம்மா, உன் வண்டியில எண்ணெ சொட்டுது. கீழ ரெண்டு சொட்டு கெடந்துச்சு. பாத்துக்க."

எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் பெட்ரோல். அப்பா காலத்திலிருந்தே "எண்ணெ ஊத்திட்டு வரேன்" என்றால் பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்றுதான் அர்த்தம். இங்கே பழைய ஆட்கள் பலரும் அப்படித்தான் பேசுவார்கள். நான் கீழே போய்ப் பெட்ரோல் டேங்கின் மூடியை முகர்ந்தேன், குழாயை முகர்ந்தேன், கைவிட்டுத் தடவினேன். காய்ந்து கிடந்தது. பெட்ரோல் வாசனையே இல்லை. தரையில் இருந்த கறையைப் பார்த்தேன், அது பக்கத்து வண்டிக்காரருடையதாக இருக்கும் என்று கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விழுந்தேன். கிளமெண்டிக்குப் போக விரைவுச்சாலையிலிருந்து இடதுபக்கம் வளைந்து இறங்கும் பாதை. ஆயிரம் தடவை இறங்கிய வளைவு. வண்டியைச் சாய்த்தேன், பின்சக்கரம் எனக்கு முன்னால் போயிற்று. அவ்வளவுதான் ஞாபகம். தார் என் முழங்கையைத் தின்றுகொண்டே போனது. முகம் ஹெல்மெட்டோடு எதிலோ மோதியது. வண்டி என் காலை விட்டுவிட்டுத் தனியாகச் சுழன்று போய் ஓரத்துக் கம்பியில் இடித்து நின்றது.

பின்பெட்டி திறந்துகொண்டது. ஏழு தனிப்பற்களும் ஒரு மேல்வரிசை முழுச் செட்டும் சாலையில் சிதறிக் கிடந்தன. பின்னால் வந்த காரிலிருந்து இறங்கி ஓடிவந்த சீன ஆன்ட்டி, அந்தச் செட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். அது என்னுடையது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரத்தம்தான் வந்தது. என்னுடையதும் ஒன்று போயிருந்தது. முன்பல்.

வண்டியை நிறுத்திவிட்டு உதவிக்கு வந்த ஒரு மலாய்க்காரர் என் வண்டியை ஓரமாகத் தூக்கி வைத்தார். பின்டயரில் ஒரு விரலை வைத்து இழுத்து, என்னிடம் காட்டினார். "கா, மிஞா ஈத்தாம்" என்றார். மலாயில் அக்கா, கறுப்பு எண்ணெய் என்று அர்த்தம், எஞ்சின் ஆயிலை அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய விரல் பளபளவென்று கறுத்திருந்தது. டயரின் இடதுபக்கம் முழுக்க அது பூசியிருந்தது. அந்த விரலைப் பார்த்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். திங்கட்கிழமை, நாளிதழ், பதினேழாம் நம்பர் ஸ்பானர், அரை மணி நேர வேலை. நட்டை ஒழுங்காக இறுக்கவில்லை. என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறான்.

முழங்கையில் கட்டு, முழங்காலில் தையல், உதட்டில் தையல். மூன்று மணி நேரம் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். வலிக்கு ஊசி போட்டார்கள். கோபத்துக்கு எதுவும் போடவில்லை. மூன்று மணி நேரமும் அதை வளர்த்தேன். வாயில் ஓட்டை விழுந்த இடத்தை நாக்கால் தொடும்போதெல்லாம் அது இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து, இரவுச் சாப்பாட்டு நேரம் தொடங்கும்வரை அவருக்கு ஓய்வு. செய்தி கேட்டு ஓடி வந்திருக்கிறார். நான் வீட்டுக்குப் போனபோது அவர் அங்கே இல்லை. கார்பார்க்கில் இருந்தார். லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்த வண்டிக்குப் பக்கத்தில், ஒருக்களித்துப் படுத்து எஞ்சினுக்கு அடியில் கைவிட்டுத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்பானர் கிடந்தது. நான் நொண்டிக்கொண்டு வருவதைத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் அழுகிற மாதிரி ஆனது.

"பல்லு போச்சாம்மா" என்றார்.

நான் குனிந்து ஸ்பானரை எடுத்தேன். "நட்ட இறுக்கினியாடா?"

"இறுக்கிதான் இருக்கு. இப்பதான் தொட்டுப் பாத்தேன். அது இல்ல..."

அதற்குமேல் அவரைப் பேசவிடவில்லை. அவர் கை தரையில் இருந்தது, மணிக்கட்டு என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அடித்தேன். காய்ந்த முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம். அவர் சுருண்டார். தோளில் அடித்தேன். அப்போதும் பழக்கத்தில் "போதும் விடு" என்றுதான் சொன்னார். என் கையைப் பிடிக்கத்தான் முடியவில்லை. மூன்றாவதாக ஓங்கினேன், தையல் போட்ட முழங்கால் மடங்கி நானே விழுந்தேன். அது மடங்கியிருக்காவிட்டால் மூன்றாவதும் விழுந்திருக்கும். இதில் நான் நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். என் கணவர் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வண்டி சாய்ந்து கையில் விழுந்துவிட்டது என்றார். டாக்டர் என் கட்டுகளையும் பார்த்தார், அவர் கையையும் பார்த்தார். ஒரே விபத்தில் அடிபட்ட ஜோடி என்று நினைத்துக்கொண்டார். தாதி என்னைத் தட்டிக்கொடுத்து, இருவரும் பிழைத்தது பெரிய விஷயம் என்றார். நான் தலையாட்டினேன். மணிக்கட்டில் இரண்டு எலும்பு உடைந்திருந்தது. முழங்கைவரை மாவுக்கட்டு. பழைய மாதிரி திரும்புமா என்று அவர் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார் டாக்டர்.

நான்கு நாள் வீட்டில் பேச்சில்லை. இடது கையால் சாப்பிட்டார், இடது கையால் சட்டை மாட்டினார். நான் பொத்தான் போடப் போனால் நகர்ந்துகொண்டார். எனக்கும் வேலைக்குப் போக முடியாது. ஓர் அறையில் அவர், ஓர் அறையில் நான். ஐந்தாம் நாள் காலை காப்பி குடிக்கும்போது சொன்னார்.

"ஊருக்குப் போறேன்."

"எப்போ?"

"சனிக்கிழமை. அண்ணன் டிக்கெட் போட்டுட்டாரு."

"எப்ப வருவீங்க?"

"வரல."

அவர் மிரட்டுகிற ஆள் இல்லை. ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். ஐயோ போகாதீர்கள் என்று காலில் விழுந்திருக்கவேண்டும். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "செய்யுறதையும் செஞ்சிட்டு ஓடுறீங்களா? உங்களாலதான் நான் ரோட்ல கெடந்தேன்" என்றேன்.

"நான் புதன்கெழமையே சொன்னேன். எண்ணெ சொட்டுதுன்னு சொன்னேன். நீ கேட்டியா?"

"பாத்தேனே. மோந்தே பாத்தேன். எண்ணெ வாசனையே இல்ல."

"எஞ்சின் ஆயிலுக்கு என்ன வாசனை இருக்கும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாள் முழுக்கத் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதருக்கு, கையில் வழுக்குகிற எல்லாமே எண்ணெய். எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவருடைய எண்ணெய் வேறு, என்னுடைய எண்ணெய் வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. தோற்கிறேன் என்று தெரிந்தால் நான் இன்னும் சத்தமாகப் பேசுவேன்.

"சரி, சொன்னீங்க. ஆனா சொட்டினது எதனால? நீங்க இறுக்காத நட்டுனாலதானே?"

அவர் காப்பியைக் கீழே வைத்தார். "நட்டுலேருந்துதான் வந்துச்சுன்னா, நான் வாங்குன அடி சரிதான். நான் இங்கேயே கெடக்குறேன். அங்கேருந்து வரலன்னா நான் போயிடுவேன். நீயே பாரு. நான் கீழ வந்தா எதாச்சும் செஞ்சிட்டேன்னு சொல்லுவ."

ஆயில் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்கிற ஒரு வழி இருக்கிறது. எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, முழுக்கப் பவுடரைத் தூவிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுவார்கள். ஆயில் வருகிற இடத்தில் பவுடர் கறுக்கும். அந்தத் தடத்தைப் பிடித்து மேலே போனால் ஓட்டை தெரிந்துவிடும். நான் குளியலறைக்குப் பவுடர் டப்பாவை எடுக்கப் போனேன். அவர் சாமி அலமாரியைத் திறந்து, கோயிலில் வாங்கி வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதத் தூவு. இது பொய் சொல்லாது."

வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் அவருக்கு விமானம். மேலே அவர் ஒற்றைக் கையால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். கீழே நான் எஞ்சினைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். டயரைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வளைந்த பிடியை அடித்து நிமிர்த்தினேன். பிறகு திருநீற்றை எடுத்து அடி நட்டின் மேலும், மூடிகளின் மேலும், எஞ்சினின் இரண்டு பக்கமும் தூவினேன். சாம்பல் பூசிய எஞ்சினைப் பார்த்தபோது, நட்டுலேருந்து வரட்டும், நட்டுலேருந்துதான் வரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. யாரை வேண்டினேன் என்று தெரியவில்லை.

அப்பர் புக்கிட் தீமா சாலை வழியாக லிட்டில் இந்தியாவுக்கு ஓட்டினேன். சிராங்கூன் சாலையில் அவருடைய கடையைத் தாண்டும்போது மெதுவாகப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் வேறு யாரோ மாவைத் தட்டிக்கொண்டிருந்தார், வீசவில்லை. கடைக்குப் பின்சந்தில் வண்டியை நிறுத்தி, குனிந்து பார்த்தேன்.

அடி நட்டு வெள்ளையாக இருந்தது. தூவினபடியே இருந்தது, ஒரு பொட்டு ஈரமில்லை. மூடிகளும் வெள்ளை. எஞ்சின் மூச்சு விடுவதற்காகப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் தொங்கும், அதன் வாயில் மட்டும் ஒரு கறுப்புத் தடம். அங்கிருந்து வழிந்து நேராகப் பின்சக்கரத்துக்கு முன்னால் சொட்டுகிற மாதிரி ஒரு துளி நின்றது. அந்தக் குழாய் வழியாக ஆயில் வருவதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான். உள்ளே அளவுக்கு மேல் ஊற்றியிருக்கவேண்டும். இருக்க இடமில்லாமல் அது வெளியே வருகிறது.

வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தேன். குச்சியைத் துடைத்து, விட்டு எடுத்தேன். மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல்கடைக்கு ஆயில். ஆயில் அளவை வண்டி நேராக நிற்கும்போதுதான் பார்க்கவேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் ஆயில் மறுபக்கம் ஒதுங்கிவிடும், குச்சி குறைவாகத்தான் காட்டும். எட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குக் காலை நான் அளவைப் பார்க்கவில்லை. அவருடைய தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் சரியாக ஊற்றியிருந்தார். சரியாக இறுக்கியிருந்தார். சொட்டுகிறது என்று சரியாகவே சொல்லியும் இருந்தார். என் பல்லை உடைத்ததும் நான், அவர் கையை உடைத்ததும் நான். சந்தில் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஒரு தொழிலாளி வந்து, "அக்கா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திரும்பி வரும் வழி முழுக்க அவரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். புக்கிட் பாஞ்சாங் வரும்வரை அந்த வார்த்தைகள் இருந்தன. சொல்லிவிடத்தான் போகிறேன் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

முதலில் மிகுதி ஆயிலை வடிக்கவேண்டும். அதற்கு அடி நட்டைத்தான் தளர்த்தவேண்டும். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கீழே வைத்து, அதே ஸ்பானரால் நட்டைக் கழற்றினேன். அவர் எவ்வளவு இறுக்கியிருந்தார் என்பது அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் தொங்கினேன். சூடான ஆயில் விரல்களில் ஓடியது. அளவு பார்த்து நட்டைத் திரும்ப வைத்து விரலால் திருகினேன். பிறகு ஸ்பானரை மாட்டி இறுக்கினேன். நட்டு உட்காருவதற்கு இன்னும் கால் சுற்று இருந்தது. கை அங்கே நின்றது.

அதை இறுக்கினால் அவர் நாளைக்குப் போய்விடுவார். இறுக்காவிட்டால் இருப்பார்.

நிறைய நேரம் யோசித்தேன் என்று எழுத ஆசை. யோசிக்கவில்லை. ஸ்பானரைக் கழற்றிக் கீழே வைத்தேன். ரப்பர் குழாயின் வாயைத் துணியால் துடைத்தேன். உள்ளே விரல் விட்டும் துடைத்தேன். எஞ்சினைத் துடைத்தேன். பொட்டலத்தில் மிச்சமிருந்த திருநீற்றை எடுத்து நட்டின் மேல் தூவினேன், குழாயின் மேல் தூவினேன். எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் நட்டின் ஓரத்தில் ஒரு கோடு மாதிரி ஈரம் வந்தது. பிறகு சாம்பல் மெல்லக் கறுத்துச் சேறாகியது. ஒரு சொட்டு தரையில் விழுந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு மேலே போய்க் கூப்பிட்டேன்.

"வந்து பாருங்க."

அவர் வந்தார். மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். முதலில் குழாயைப் பார்த்தார், வெள்ளை. மூடிகளைப் பார்த்தார், வெள்ளை. நட்டைப் பார்த்தார். இடது கை விரலால் அந்தக் கறுத்த திருநீற்றைத் தொட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அன்னைக்குத் தொட்டப்ப இறுக்கமா இருந்துச்சே" என்றார்.

நான் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார், என்னை அவருக்குத் தெரியும். சொன்னது திருநீறு. அவருடைய கை சரியாகத் தொட்டதை, அவருடைய கண் சரியாகப் பார்த்ததை, அந்தச் சாம்பலுக்கு முன்னால் அவரே தள்ளிவிட்டார். அது அவர் முகத்தில் நடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பு உடைந்த சத்தத்தைவிட அது மோசமாக இருந்தது. இந்தத் தடவை சத்தமே இல்லை.

"நான்தான்" என்றார். பிறகு, "உன்னக் கொன்னுருப்பேன்மா" என்று சொல்லி என் கட்டுப்போட்ட முழங்காலில் தலையை வைத்து அழுதார். அவர் தலையில் கை வைத்தேன். என் விரல்களில் ஆயில் இருந்தது.

அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டு டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னார். பெட்டியிலிருந்த துணிகளை நான் எடுத்து அடுக்கினேன். நட்டை அவரே இடது கையால் இறுக்கினார், நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மணிக்கட்டு ஒட்டிவிட்டது, ஆனால் முழுசாகத் திரும்புவதில்லை. மாவு வீச முடியாது. அதே கடையில் உள்ளே குழம்பு வைக்கிறார், யாரும் படம் பிடிப்பதில்லை. என் பல்லை எங்கள் பட்டறையிலேயே செய்து கொடுத்தார்கள், எது பொய்ப் பல் என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியாது. என் வண்டிக்கு ஆயில் மாற்றுவதை அவர் விட்டுவிட்டார். கடையில் விடுகிறோம். மாற்றிக்கொண்டு வந்த பிறகும் தினம் காலையில் குனிந்து அந்த நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்.

நான் மாறிவிட்டேன் என்று எழுத முடிந்தால் நன்றாயிருக்கும். அதன் பிறகும் மூன்று தடவை அடித்திருக்கிறேன். கடைசியாகப் போன மாதம். அற்ப விஷயம், அடுப்பில் வைத்த ரசம் பொங்கிவிட்டது. கன்னத்தில் அறைந்தேன். என் கையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பிடிக்காகத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"ஏன் சும்மா நிக்கிறீங்க? கையப் பிடிக்க வேண்டியதுதானே" என்று கத்தினேன்.

"அன்னைக்கு உன்னக் கொன்னுருப்பேன்ல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். தட்டை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். கன்னத்தில் என் விரல்கள் சிவந்து தெரிந்தன.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சாப்பிடுங்க, ஆறிடும்" என்றேன்.